பதினைந்து புள்ளிகளின் சராசரி

அத்தியாயம் 6

காணாமல் போன பிள்ளையை அந்தத் தோட்ட லயத்து வீடுகளில் யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

புவனேஸ்வரனுக்கு அது உறைக்கவே இல்லை. அவனுக்கு உறைத்தது வெயில் மட்டும்தான். புக்கிட் பெலண்டோக்கைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் நுழைந்த செம்மண் சாலையில் அவனுடைய பழைய சாகா கார் இரண்டு முறை மூச்சுவிட மறந்துபோனது. மூன்றாவது முறை மறந்தது அவன்.

"மிருதுளாவா? தெரியாதுங்க," என்றாள் அடுத்த வீட்டுக்காரி பஞ்சாலை. பயத்தங்காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஞாபகம் இல்ல. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

லயத்தின் கோடியில் தங்கராஜு நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் லுக்குட்டில் புவனேஸ்வரனும் ரஹ்மத் நிஷாவும் நடத்தும் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே அழுதவன். மனைவி சிங்கப்பூரில் வேலை. பன்னிரண்டு வயது மகள் மிருதுளா திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனவள் திரும்பவில்லை. அவ்வளவுதான் சொன்னான். புவனேஸ்வரனுக்கும் ஒரு மகள் உண்டு. நிஷா அக்கா யோசித்துச் சொல்வதற்குள் இவனே வழக்கை ஒப்புக்கொண்டுவிட்டான்.

ரஹ்மத் நிஷா இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஐம்பது வயது. சிரம்பானில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள். எரியாத கடைக்குத் தீவிபத்துப் பணம் கேட்டவர்களையெல்லாம் பார்த்த கண்கள். அவை சும்மா இருப்பதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தங்கராஜு பின் சீட்டிலிருந்து பேசிக்கொண்டே வந்தான்.

"நான் ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் வேலை பாத்தவன் மேடம். ஆளுக்கு எத்தனை செம்பனைக் குலை வெட்டினான், காட்டுக்கு எத்தனை குலை விழுந்துச்சு, தினமும் சராசரி போட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். எல்லாத்துக்கும் கணக்கு வச்சவன். சொந்தப் பிள்ளையத் தொலைச்சிட்டேன் பாருங்க." குரல் உடைந்தது. "அண்ணே, அங்க என்ன பாத்தாலும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே. மனசு கேக்கல."

"கண்டிப்பா தம்பி," என்றான் புவனேஸ்வரன்.

பள்ளி வாசலில் நிஷா திரும்பினாள். "நீங்க கார்லயே இருங்க. அப்பாவைப் பாத்தா பிள்ளைங்க பேச மாட்டாங்க."

திடலைக் கடக்கும்போது அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"புவன், ஒரு பிள்ளையைக் காணோம். லயத்துல எத்தனை பேர் நம்மகிட்ட 'கிடைச்சிட்டாளா'ன்னு கேட்டாங்க?"

"தேத்தண்ணி வேணுமான்னு நாலு பேர் கேட்டாங்கக்கா."

"அதான். அவன் வீட்டு நாள்காட்டியில தாள் கிழிச்சு ரெண்டு மாசம் ஆகுது."

"அது ஒரு குத்தமா? என் வீட்டுல இன்னும் போன வருஷம்தான் நடக்குது."

"போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் குடுத்தேன்னான். நம்பர் எங்கேன்னா வீட்டுல இருக்குன்னான். வீட்டுல கேட்டா மோட்டார் சைக்கிள்ல இருக்குன்னான்."

"பிள்ளையோட சேந்து ரிப்போர்ட்டும் தொலைஞ்சிருக்கும் லா."

நிஷா சிரிக்கவில்லை.  

ஆறாம் ஆண்டு வகுப்பில் பதினைந்து நாற்காலிகள் இருந்தன. பதினான்கு பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். ஆசிரியை தனலெட்சுமிக்கு முப்பது வயதிருக்கும். நிஷா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவள் கையிலிருந்த மார்க்கர் பேனாவின் மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மிருதுளா திங்கள்லேர்ந்து வரல," என்றாள். "வேற எதுவும் எனக்குத் தெரியாது."

பஞ்சாலை சொன்ன அதே 'தெரியாது'.

சுவரில் இரண்டு மணிலா அட்டைகள் தொங்கின. ஒன்றில் 'நாங்கள் பள்ளிக்கு வர ஆகும் நேரம்' என்று கொட்டை எழுத்து. கீழே ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து என்று கோடு. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் புள்ளிகள் அடுக்கடுக்காக ஏறியிருந்தன.

"புள்ளியியல் பாடம்," என்றாள் தனலெட்சுமி. "புத்தகத்துல இருக்கிற கணக்குன்னா தூங்குவாங்க. அதான் அவங்களைப் பத்தியே விவரம் எடுக்கச் சொன்னேன். போன வாரம் செஞ்சது. ஆளுக்கு ஒரு புள்ளி. பேர் கிடையாது. யாரும் கூச்சப்படக் கூடாதுன்னு."

வெண்பலகையின் மூலையில் ஒரு கட்டம். உள்ளே ஒரு பிள்ளையின் கையெழுத்தில் 'எங்கள் சராசரி: 12 நிமிடம்'. அதன் கீழே ஆசிரியையின் எழுத்தில் 'அழிக்காதீர்'.

புவனேஸ்வரன் பலகையும் முதல் அட்டையும் தெரியும்படி ஒரு படம் எடுத்துத் தங்கராஜுவுக்கு அனுப்பினான். பாவம், காரில் தவித்துக்கொண்டிருப்பான். அவன் பார்த்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன.

நிஷா அட்டையின் முன்னால் அசையாமல் நின்றாள்.

"புவன், இந்தத் தலைப்பைப் பாரு. இடது பக்கம் ஒரு சாண் வெள்ளை. வலது பக்கம் எழுத்து ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குது."

"பிள்ளைங்க எழுதினது. கடைசியில இடம் பத்தல."

"இடம் இருந்துச்சு. கத்தரிக்கோல் வெட்டிடுச்சு. புள்ளியெல்லாம் கூட்டு."

லாரி ஓட்டிய காலத்தில் டீசல் கணக்குப் பார்த்த மூளை. அவன் விரலால் தொட்டுக் கூட்டினான். ஐந்தில் ஆறு புள்ளி, முப்பது. பத்தில் ஆறு, அறுபது. பதினைந்தில் மூன்று, நாற்பத்தைந்து.

"நூத்தி முப்பத்தஞ்சு. பதினஞ்சு பேருக்கு வகுத்தா... ஒன்பது." பலகையைப் பார்த்தான். "பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. டீச்சரே ஃபெயிலா?"

"பன்னிரண்டு வரணும்னா மொத்தம் நூத்தி எண்பது இருக்கணும். காணாமப் போனது பிள்ளை மட்டும் இல்ல புவன். நாற்பத்தைந்து நிமிஷத்தையும் காணோம்."

அவள் ஐந்தாம் நிமிட வரிசையின் உச்சிப் புள்ளியை நகத்தால் தொட்டாள். மற்றதெல்லாம் பளபளக்கும் ஸ்டிக்கர். அது மட்டும் மார்க்கர் மையால் வரைந்தது.

"இந்தப் புள்ளி போன வாரம் ஐம்பதுல இருந்திருக்கு. இந்த வாரம் அஞ்சுக்கு வந்திருக்கு. அஞ்சு நிமிஷ தூரத்துல இருக்கிறது லயம். அப்போ ஐம்பது நிமிஷ தூரத்துலேர்ந்து ஒரு பிள்ளை தினமும் வந்துக்கிட்டு இருந்திருக்கு."

புவனேஸ்வரன் இரண்டாவது அட்டையைப் பார்த்தான். 'காலையில் எங்களை எழுப்புவது'. அம்மா, அலாரம், சேவல், பள்ளிவாசல் பாங்கு. பிள்ளைகள் படம் படமாக வரைந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரே ஒரு படம். நீல மையில் மோட்டார் வைத்த சின்னப் படகு.

இந்த எஸ்டேட்டில் வாய்க்கால் உண்டு. அதில் படகு விட்டால் தவளைதான் ஓட்ட வேண்டும். ஐம்பது நிமிடத் தூரம், ஓர் ஆற்றங்கரை, ஒரு படகு. லாரிக்காரனுக்கு ஊரைச் சொல்ல அதற்கு மேல் வேண்டியதில்லை.

"லிங்..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லாதீங்க!" தனலெட்சுமி கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "எழுதுங்க, எழுதுங்க. பயிற்சி முடியணும்." பிறகு நிஷாவிடம், "தயவுசெஞ்சு அந்த ஊர்ப் பேரை இங்க சொல்லாதீங்க."

நிஷா அவள் அருகில் போனாள். "அட்டையை வெட்டினது நீங்க. பதினஞ்சு புள்ளி இருக்கணும்னு நினைச்சு ஒண்ணை வரைஞ்சு வச்சீங்க. எண்ணிக்கையை யோசிச்சீங்க, சராசரியை மறந்துட்டீங்க."

"கணக்கு டீச்சர் நான்," என்றாள் தனலெட்சுமி. கண்ணில் நீர் கட்டியது. "நாளைக்கு ரிப்போர்ட் கார்டு நாள். எல்லா வீட்டு ஆளும் வருவாங்க. எவனாவது பாத்துட்டுப் போய் அவன்கிட்ட சொல்லிட்டா..."

"எவன்கிட்ட?"

கேட்கும்போதே நிஷாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்த புவனேஸ்வரனுக்கும் தெரிந்தது. 

"ரெண்டு மாசத்துக்கு முந்தி அவங்கம்மா கையை உடைச்சான். குறுக்கே போன மிருதுளாவுக்குத் தலையில தையல். கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கு. அவங்க ரெண்டு பேர் கிட்டேயும் போகக் கூடாது, இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வரக் கூடாது. அவன் பகாங் பக்கம் ஓடிட்டான். இவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. புதுப் பள்ளிக்கூடத்துல பேர் பதிஞ்சா மோப்பம் பிடிப்பான்னு இங்கேயே வேன்ல வந்து படிச்சா. சனிக்கிழமை அவன் திரும்பி வந்துட்டான்னு பஞ்சாலை அக்கா போன் போட்டாங்க. அதோட அவளை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பிள்ளை காணாமல் போகவில்லை. ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறாள். ஒரு லயமே சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறது. கண்டுபிடித்துக் கொடுக்க ஆள் தேடியவனுக்கு இவர்கள் இருவரும் கிடைத்திருக்கிறார்கள்.

"அக்கா," என்றான் புவனேஸ்வரன்.  "நான் அவனுக்குப் போட்டோ அனுப்பிட்டேன்."

"எதை?"

"பலகையும் இந்த அட்டையும். படகு அதுல இல்ல. ஆனா பன்னிரண்டு இருக்கு."

தினமும் சராசரி போட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று சொன்னவனுக்கு.

நிஷா ஜன்னலுக்குப் போனாள். சாகாவின் பின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அவள் கைப்பேசியை எடுத்து மலாயில் நான்கைந்து வார்த்தைதான் பேசினாள்.

"லுக்குட்லேர்ந்து போலீஸ் வர்றாங்க. அதுவரைக்கும் அவன் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகக் கூடாது. போனா ஐம்பது நிமிஷ தூரத்துல இருக்கிற ஊரையெல்லாம் தேட ஆரம்பிச்சிடுவான்."

சொல்லி முடிக்கவும் வாசலில் நிழல் விழுந்தது.

"வாசல் காவல் ஜாகாகிட்ட உங்க பேரைச் சொன்னேன் மேடம். விட்டுட்டான்," என்றான் தங்கராஜு. சிரித்தான். அழுத கண்ணின் சிவப்பு அப்படியே இருந்தது. "வணக்கம் டீச்சர்."

பதினான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட வணக்கம் சொல்லவில்லை.

புவனேஸ்வரனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இரண்டு அடி பின்னால் நகர்ந்து, படகு இருந்த அட்டையின் மேல் முதுகைச் சாய்த்தான். நூற்றுப் பத்துக் கிலோ. வாழ்க்கையில் முதல் தடவையாக அது ஓர் உபயோகத்துக்கு வந்தது.

தங்கராஜு காலியாக இருந்த பதினைந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தான். மகளுடைய நாற்காலி. முழங்கால் மேசையில் இடித்தது. கைப்பேசியை மேசைமேல் வைத்து, படத்தைப் பெரிதாக்கினான்.

"கணக்கு இடிக்குது டீச்சர்."

"எந்தக் கணக்கு?"  கேட்டது நிஷா.

"பதினஞ்சு பேரு. சராசரி பன்னிரண்டு. பெருக்கினா நூத்தி எண்பது. புள்ளியைக் கூட்டினா நூத்தி முப்பத்தஞ்சு." அவன் கூட்டவும் இல்லை, எழுதவும் இல்லை. பார்த்துச் சொன்னான். "மிச்சம் நாப்பத்தஞ்சு. ஒரு குலை குறைஞ்சாலே எனக்குத் தூக்கம் வராது. நாப்பத்தஞ்சு நிமிஷம் எங்க போச்சு? யாரு வீடு டீச்சர் அவ்வளவு தூரத்துல இருக்கு?"

 புவனேஸ்வரனின் முதுகில் வியர்வை இறங்கியது. ஒரு வேடிக்கைப் பேச்சு சொல்லலாம் என்று தேடினான். பிறந்ததிலிருந்து வற்றாத கிணறு வற்றியிருந்தது.

"அங்கிள், அது என் தப்பு."

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வெள்ளை முக்காடு, ஒல்லி உடம்பு.

"பாத்தின், உட்காரும்மா," என்றாள் தனலெட்சுமி பதறிப்போய்.

"நான்தான் டீச்சர் பலகையில எழுதினேன். தப்பாக் கூட்டிட்டேன்."

தங்கராஜு மெதுவாகத் திரும்பினான். "எப்படித் தப்பாக் கூட்டின?"

மென்மையாகத்தான் கேட்டான். அதுதான் புவனேஸ்வரனைப் பயமுறுத்தியது. இவள் தடுமாறினால் போதும். ஏதோ தப்பு, மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அவன் எழுந்துவிடுவான்.

"கடைசி வரிசையை ரெண்டு தடவை கூட்டிட்டேன் அங்கிள். முப்பது, அறுபது, நாற்பத்தைந்து. மறுபடியும் ஒரு நாற்பத்தைந்து. நூத்தி எண்பது வந்துச்சு. பதினைந்தால வகுத்தேன். பன்னிரண்டு."

தங்கராஜுவின் உதடுகள் அசைந்தன. முப்பது. அறுபது. நாற்பத்தைந்து. இன்னொரு நாற்பத்தைந்து. புவனேஸ்வரனும் உள்ளுக்குள் கூட்டினான். சரியாக வந்தது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் வந்தது.

"சரியான விடை எவ்வளவு?" என்று தங்கராஜு மொத்த வகுப்பையும் பார்த்துக் கேட்டான்.

"ஒன்பது!"

பதினான்கு குரல். மேசைகள் அதிர்ந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பாத்தின் பலகைக்குப் போய்ப் பன்னிரண்டை உள்ளங்கையால் துடைத்தாள். அதே இடத்தில் 9 என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தங்கராஜு பலகையிலிருந்த 9ஐப் பார்த்தான். பிறகு சிரித்தான். உண்மையான சிரிப்பு.

"எங்க ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணியும் இதே தப்பைத்தான் பண்ணுவான். கடைசி வரியை ரெண்டு தரம் கூட்டிட்டு, குலையைக் காணோம்னு என் மேல பாய்வான்." கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். எழுந்தவன் புவனேஸ்வரனைப் பார்த்து நின்றான். "நீங்க ஏண்ணே சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"மூச்சு வாங்குது தம்பி. படி ஏறி வந்தேனா..."

"இங்க ஏது படி?"

"அதான் தம்பி. படி இல்லாமலே இப்படி வாங்குது. டாக்டர்கிட்ட காட்டணும்."

பின் வரிசையில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. தங்கராஜு சிரிக்கவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தான். "கொஞ்சம் நகருங்கண்ணே."

புவனேஸ்வரன் நகரவில்லை. தங்கராஜு கையை ஓங்கினாலும் நகர்வதாக இல்லை. அது ஒன்றுதான் அப்போது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திடலில் வாகனம் பிரேக் போடும் சத்தம் கேட்டது. கதவுகள் இரண்டு சாத்தப்பட்டன.

"தங்கராஜு," என்றாள் நிஷா. "ரிப்போர்ட் நம்பர் கேட்டேனே. அவங்களே கொண்டு வந்திருக்காங்க."

போலீஸ்காரர்கள் இருவரும் அவனை ஆளுக்கொரு பக்கமாக அழைத்துப் போனார்கள். அவன் முரண்டவில்லை. வாசல்வரை போய்த் திரும்பித் திரும்பி, புவனேஸ்வரன் மறைத்து நின்ற அட்டையையே பார்த்தான். புவனேஸ்வரன் பின்னாலேயே போய் வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப முயன்றான்.

"திரும்பாதே," என்றாள் பின்னால் வந்து நின்ற நிஷா.

"என்னக்கா?"

"அவன் பாத்துக்கிட்டிருக்கான். உன் முதுகுல படகு இருக்கு."

வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையில் நீல மை அப்படியே இறங்கியிருந்தது. போலீஸ் வண்டி வாசலைத் தாண்டும்வரை புவனேஸ்வரன் அது போன திசையைப் பார்த்து நின்று, பின்பக்கமாகவே நடந்து வகுப்புக்குள் வந்தான். ஜாகா அவனை விசித்திரமாகப் பார்த்தான்.

உள்ளே தனலெட்சுமி பாத்தினின் மேசைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள்.

"அந்தத் தப்பு உனக்கு எப்படிம்மா அவ்வளவு சீக்கிரம் தோணுச்சு?"

"சீக்கிரமெல்லாம் இல்ல டீச்சர். திங்கட்கிழமை நீங்க அட்டையை வெட்டினதைப் பாத்தேன். பன்னிரண்டை விட்டுட்டீங்க. யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். நாற்பத்தைந்து வர்ற மாதிரி ஒரு தப்பு வேணும். ரெண்டு நாள் தேடினேன். அப்புறம் எல்லார்கிட்டேயும் ஒன்பதுன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே அழிச்சிருப்பேன்."

பாத்தின் பலகையைக் காட்டினாள். "அழிக்காதீர்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க."

தனலெட்சுமி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பாத்தின் பென்சில் பெட்டியைத் திறந்து, அழிரப்பருக்கு அடியிலிருந்து மடித்த மணிலா அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தாள். குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கியது. அதில் ஐம்பது என்ற எண்ணும், அதன் மேல் தனியாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் இருந்தன.

"இதை இப்ப ஒட்டலாமா டீச்சர்?"

தனலெட்சுமி நிஷாவைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பெட்டியிலேயே இருக்கட்டும்," என்றாள் நிஷா. "கோர்ட்டுல அவனுக்கு என்ன சொல்றாங்கன்னு பாப்போம். அப்புறம் மிருதுளாவே வந்து ஒட்டட்டும்."

பாத்தின் தலையாட்டினாள். துண்டை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள்.

புவனேஸ்வரன் கார்ச் சாவியை எடுத்தான். "மிருதுளாவோட அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்கா. எந்தப் பக்கம் போகணும்னு நான் வாயால சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்," என்றாள் நிஷா. "நீ முன்னால நட. நான் உன் முதுகைப் பாத்துக்கிட்டே வர்றேன்."